ஜவுளிக்கடையில் மாதம் 9,000 ரூபாய்: குறைந்தபட்ச ஊதியம் எவ்வளவு, அதை எப்படிக் கணக்கிடுவது?

"இந்தியாவில் குறைந்தபட்ச ஊதியம் எவ்வளவு?" என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அதற்குக் கீழே எழுதியிருக்கும் விவரங்கள்தான் உங்கள் உண்மையான கேள்வி. உங்கள் தங்கை சென்னையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறார். காலை ஒன்பதரைக்கு உள்ளே போனால் இரவு ஒன்பதரைக்குத்தான் வெளியே வருகிறார். நடுவில் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. சம்பளம் 9,000. தங்குவது கடையின் விடுதியில், சாப்பாடும் கடையில்தான். "சோறும் இடமும் கொடுக்கிறோம், சேரும்போதே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய், இதற்கு மேல் கொடுத்தால் ஆளைக் குறைக்க வேண்டி வரும்" என்கிறார் மேலாளர். இது சட்டப்படி சரியா, சரியில்லை என்றால் என்ன செய்யலாம் என்பதைத்தான் கேட்கிறீர்கள். சரியில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

இருபது வருடங்களுக்கு மேலாகத் தொழிலாளர் தரப்பில் ஊதிய வழக்குகளை நடத்தி வருகிறேன். அதில் பெரும்பகுதி கடை ஊழியர்களும் பேக்கிங் வேலை செய்யும் பெண்களும் கொண்டுவந்தவை. எது உறுதி, எது வாதத்துக்குரியது என்பதை அந்தந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்த ஒருவரிக் கேள்வி. இந்தியாவுக்கென்று ஒரே தொகை கிடையாது. 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் எந்தத் தொகையையும் எழுதிவைக்கவில்லை, நிர்ணயிக்கும் அதிகாரத்தைத்தான் அரசுகளிடம் கொடுத்தது. ரயில்வே, சுரங்கம், பெரிய துறைமுகம், வங்கி போன்றவற்றுக்கு மத்திய அரசு. கடை, ஓட்டல், தையல், பஞ்சாலை என்று நாம் அன்றாடம் பார்க்கிற பெரும்பாலான வேலைகளுக்கு மாநில அரசு. அதனால் தொகைகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருக்கும். மத்திய அரசின் வரம்புக்குள் வரும் கட்டட வேலையில், பெருநகரத்தில், திறன்சாராத் தொழிலாளிக்கு 2024 அக்டோபரில் நாளொன்றுக்கு 783 ரூபாய் என்று இருந்தது. டெல்லி அரசு 2025 ஏப்ரலில் திறன்சாராத் தொழிலாளிக்கு மாதம் 18,456 என்று நிர்ணயித்தது. இதே நாட்டில் 2019இல் தேசிய அடிமட்ட ஊதியம் என்று மத்திய அரசு சொன்ன தொகை நாளொன்றுக்கு வெறும் 178, அதற்கும் அப்போது சட்டக் கட்டாயம் இல்லை. அதே வருடம் மத்திய அரசே அமைத்த நிபுணர் குழு 375 ரூபாய் வேண்டும் என்று பரிந்துரைத்திருந்தது. எனவே இணையத்தில் தேடினால் கிடைக்கும் ஏதோ ஒரு எண்ணை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் பேசப் போகாதீர்கள். "அது கட்டட வேலைக்கு" என்று ஒரே வார்த்தையில் திருப்பி அனுப்பிவிடுவார்.

உங்கள் தங்கைக்குப் பொருந்துவது, தமிழ்நாடு அரசு கடைகள் மற்றும் வணிக நிறுவனங்களுக்காக வெளியிட்ட அரசாணை. அதில் இரண்டு பகுதி இருக்கும். ஒன்று அடிப்படை ஊதியம், பதவிவாரியாகப் போட்டிருப்பார்கள். விற்பனையாளருக்கு ஒன்று, காசாளருக்கு ஒன்று, காவலாளிக்கு ஒன்று. சில தொழில்களில் ஊரையும் மண்டலங்களாகப் பிரித்திருப்பார்கள். இந்த அடிப்படையை ஐந்து வருடத்துக்கு ஒரு முறையாவது அரசு மறுபரிசீலனை செய்ய வேண்டும். வரைவை அரசிதழில் வெளியிட்டு இரண்டு மாதம் கருத்துக் கேட்பது ஒரு வழி, முதலாளி தரப்பும் தொழிலாளி தரப்பும் சம எண்ணிக்கையில் இருக்கும் குழு அமைப்பது இன்னொரு வழி. இரண்டாவது பகுதி அகவிலைப்படி. இது சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணோடு கட்டப்பட்டது. முந்தைய வருடம் ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான சராசரியை எடுத்து, ஒவ்வொரு ஏப்ரல் 1ஆம் தேதியும் படியை மாற்றுவார்கள். அரிசியும் எண்ணெயும் விலை ஏறினால் முதலாளியின் தயவு இல்லாமலே இந்தப் படி ஏற வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்ததுதான் குறைந்தபட்ச ஊதியம். பலர் அடிப்படைத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு "எனக்குச் சரியாகத்தான் கொடுக்கிறார்கள்" என்று நினைத்துக்கொள்கிறார்கள். என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேருக்கு இந்த இடத்தில்தான் ஏமாற்றம் நடந்திருந்தது.

இந்தத் தொகைக்குப் பின்னால் என்ன கணக்கு இருக்கிறது என்பதைத் தொழிலாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு எப்போதும் ஆசை. 1957 ஜூலையில் டெல்லியில் நடந்த 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாட்டில் அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் மூன்று தரப்பும் உட்கார்ந்து, ஒரு குடும்பம் வாழ என்ன வேண்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். ஒரு சம்பாத்தியத்தில் மூன்று பங்கு வயிறு நிரம்ப வேண்டும். தொழிலாளிக்கு 1, துணைக்கு 0.8, இரண்டு பிள்ளைகளுக்குத் தலா 0.6. ஒரு பங்குக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி. இந்தக் கலோரிக் கணக்கு வாலஸ் அய்க்ராய்டு என்ற ஊட்டச்சத்து அறிஞருடையது. 1935இல் இருந்து 1945 வரை நம் குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக இருந்தவர் அவர். துணிக்குத் தலைக்கு வருடம் 18 கஜம், நாலு பேருக்கு 72 கஜம். வீட்டு வாடகை தனி. விறகு, விளக்கு, இதர செலவுக்கு மொத்தத்தில் 20 சதவீதம். இவ்வளவுதான், இதில் பள்ளிக்கூடமும் இல்லை, மருந்தும் இல்லை.

அந்தக் குறையைத் தீர்த்த வழக்கு சென்னையில் இருந்துதான் போனது. ரெப்டகாஸ் பிரெட் என்ற மருந்து நிறுவனத்தின் சென்னைத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் நடத்திய வழக்கில், 1991இல் உச்ச நீதிமன்றம் பிள்ளைகளின் படிப்பு, வைத்தியம், திருநாள் முதலான குறைந்தபட்ச மகிழ்ச்சி, முதுமைக்கும் திருமணத்துக்குமான சேமிப்பு ஆகியவற்றுக்காக இன்னொரு 25 சதவீதத்தைச் சேர்க்கச் சொன்னது. அரசு அறிவிக்கும் தொகைகள் எல்லாம் இந்த அளவுகோலை எட்டிவிடுகின்றனவா என்றால், பல தொழில்களில் எட்டுவதில்லை என்பதே என் எண்ணம். ஆனால் அளவுகோல் இது என்பதில் சந்தேகம் இல்லை. தங்கைக்குக் கிடைக்க வேண்டியது யாரோ இரக்கப்பட்டுக் கொடுக்கும் தொகை இல்லை. ஒரு குடும்பத்தின் சோறும் துணியும் மருந்தும் சேர்த்துப் போட்ட கணக்கு அது.

இப்போது கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அரசாணையில் தங்கையின் பதவிக்கு அடிப்படையும் படியும் சேர்த்து மாதம் 13,000 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். இது உதாரணத்துக்கு நான் வைத்த எண். உண்மையான தொகையைத் தொழிலாளர் துறை இணையதளத்தில் நடப்பு ஆண்டின் அகவிலைப்படிப் பட்டியலோடு பார்த்து இந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். 13,000ஐ 26ஆல் வகுத்தால் ஒரு நாள் ஊதியம் 500. எட்டு மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 62 ரூபாய் 50 காசு. எட்டு மணிக்கு மேல் பார்க்கும் ஒவ்வொரு மணிக்கும் இரண்டு மடங்கு, அதாவது 125. தங்கை தினமும் 11 மணி நேரம் வேலை செய்கிறார், மிகை நேரம் மூன்று மணி, 375 ரூபாய். 26 நாளுக்கு 9,750. இதைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். ஓவர்டைமுக்கு மட்டும் 9,750 வருகிறது, அவர் கையில் வாங்கும் முழுச் சம்பளமே 9,000. மொத்தம் வந்திருக்க வேண்டியது 22,750. இதில்லாமல் இன்னொரு மீறலும் இருக்கிறது. தமிழ்நாடு கடைகள் சட்டப்படி மிகை நேரத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கவே கூடாது. தங்கை வாரம் 66 மணி நேரம் வேலை செய்கிறார். அவ்வளவு நேரமும் நின்றுகொண்டே இருக்கிறாரா என்றும் கேளுங்கள். 2021இல் வந்த திருத்தத்தின்படி கடையில் ஊழியர்கள் உட்கார இருக்கை போட்டிருக்க வேண்டும்.

சோறும் இடமும் பற்றி மேலாளர் சொன்னதில்தான் வாதத்துக்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது. விடுதி விஷயம் தெளிவு. 1948 சட்டத்திலும் சரி, அதன் இடத்தில் வந்திருக்கும் 2019 ஊதியச் சட்டத் தொகுப்பிலும் சரி, தங்கும் இடம், விளக்கு, தண்ணீர் இவற்றின் மதிப்பு ஊதியம் என்ற வரையறைக்குள் வராது. எனவே "விடுதி 2,000, சம்பளம் 9,000, ஆகமொத்தம் 11,000" என்று கூட்ட முடியாது. முழுச் சம்பளத்தையும் கணக்கில் காட்டிவிட்டு, வீட்டு வசதிக்கென்று தனியாகப் பிடித்தம் செய்யலாம். அதை எழுத்தில் காட்ட வேண்டும், வரம்புக்குள்ளும் இருக்க வேண்டும். சாப்பாடு கொஞ்சம் சிக்கல். பழைய சட்டப்படி ஊதியம் ரொக்கமாகத்தான் தர வேண்டும், அரசு தனியாக அனுமதித்தால் மட்டும் பொருளாகத் தரலாம். புதிய தொகுப்பிலோ, ஊதியத்துக்குப் பதிலாகப் பொருளாகக் கொடுப்பதில் 15 சதவீதம் வரை ஊதியமாகக் கருதப்படும் என்று ஒரு விளக்கம் சேர்த்திருக்கிறார்கள். கடையின் வக்கீல் இதைப் பிடித்துக்கொள்வார். அது குறைந்தபட்ச ஊதியத்துக்கும் பொருந்துமா என்று நான் எதிர்வாதம் செய்வேன், அவர் பொருந்தும் என்பார். சரி, அவர் சொல்வதையே ஏற்றுக்கொண்டாலும் என்ன ஆகிறது? நம் உதாரணத்தில் 13,000க்கு 15 சதவீதம் 1,950. மீதி 11,050 பணமாக வந்திருக்க வேண்டும். அப்போதும் மாதம் 2,050 குறைகிறது, ஓவர்டைம் முழுவதும் அப்படியே நிற்கிறது.

கையெழுத்து விஷயத்தில் வாதத்துக்கே இடமில்லை. குறைந்தபட்ச ஊதியத்தை விட்டுக்கொடுப்பதாக எழுதும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று பழைய சட்டத்திலும் இருக்கிறது, புதிய தொகுப்பிலும் இருக்கிறது. இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதியிருந்தாலும் செல்லாது. 1982இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டடம் கட்டிய தொழிலாளர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23ஆவது பிரிவு தடைசெய்த கட்டாய உழைப்பு என்றது. பசியும் வறுமையும் துரத்தி ஒருவரைக் குறைந்த கூலிக்குச் சம்மதிக்க வைத்தால், அதுவும் கட்டாயம்தான் என்று நீதிபதி பகவதி அந்தத் தீர்ப்பில் விளக்கியிருக்கிறார். தங்கை மனமார ஒப்புக்கொண்டார் என்று யாராவது சொன்னால், ஊரில் அப்போது என்ன நிலைமை இருந்தது என்று உங்களுக்குத் தெரியும் அல்லவா? அதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

"ஆளைக் குறைக்க வேண்டி வரும்" என்பதை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். சட்டத்தில் இதற்கு மதிப்பில்லை. அடிமட்டக் கூலியைக்கூடக் கொடுக்க முடியாத தொழிலுக்கு நடத்தப்படும் உரிமையே இல்லை என்று 1950களிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பொருளாதாரத்தில் இது உண்மையிலேயே விவாதத்தில் இருக்கும் கேள்வி. 1992இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் மணிக்கு 4.25 டாலரை 5.05 ஆக்கியபோது, டேவிட் கார்டு, ஆலன் குரூகர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் அங்கேயும் பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவிலும் துரித உணவுக் கடைகளை ஒப்பிட்டார்கள். வேலை குறையவில்லை என்பது அவர்கள் முடிவு. கார்டுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. மறுத்து எழுதியவர்களும் உண்டு. கூலியை எவ்வளவு உயர்த்துகிறோம், எங்கே உயர்த்துகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். அமெரிக்க பர்கர் கடையில் கண்டதை அப்படியே சென்னை ஜவுளிக்கடைக்குக் கொண்டுவர நான் துணிய மாட்டேன். ஆனால் தீபாவளிக்கு நாலு மாடியும் நிரம்பி வழியும் கடையில், சேலை எடுத்துக் காட்டும் ஆளைக் குறைத்தால் வியாபாரம்தான் குறையும். இது என் சொந்தக் கருத்து.

சம்பளச் சீட்டைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வருங்கால வைப்பு நிதிக்கு ஊழியர் பங்கு 12 சதவீதமும், தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதமும் பிடிப்பது சட்டப்படியானது. அதனால் கைக்கு வரும் தொகை குறைந்தபட்ச ஊதியத்தைவிடக் குறைந்தால் அது தவறில்லை. முதலாளி பங்கையும் சேர்த்து ஊழியர் சம்பளத்திலேயே பிடிப்பது தவறு. இன்னொரு பழக்கமும் இருக்கிறது. வங்கிக் கணக்கில் முழுத் தொகையைப் போட்டுவிட்டு, ஏடிஎம் அட்டையை மேற்பார்வையாளரே வைத்துக்கொண்டு வித்தியாசத்தை எடுத்துவிடுவது. அப்படி நடந்தால் வங்கிப் பதிவில் முழுச் சம்பளம் வாங்கியதாக இருக்கும். தங்கையிடம் அட்டை யார் கையில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் சாட்சியம். பல வருடங்களுக்கு முன் ஒரு பாத்திரக்கடையில் பில் போடும் அம்மா ஒருவர் என்னிடம் வந்தார். பையில் இருந்து ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டை எடுத்து மேஜையில் வைத்தார். தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள். ஒவ்வொன்றின் பின்புறமும் பென்சிலில் இரண்டு வரி. "9.50. கடைசி பஸ் போச்சு. ஷேர் ஆட்டோ 20." "9.40. கால் வீக்கம்." ஏழு மாதத்துத் தாள்கள். வழக்கில் கடைக்காரர் வருகைப் பதிவேட்டைக் கொண்டுவந்தார். அதில் அவர் தினமும் மாலை 6 மணிக்குக் கிளம்பியதாக ஒரே மையில், ஒரே கையெழுத்தில் இருந்தது. விசாரித்த அதிகாரி தாளையும் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தாளில், "கடை லீவு. அக்கா வீடு" என்று எழுதியிருந்தது. பதிவேட்டிலோ அன்றைக்கும் அவர் 6 மணிக்குக் கிளம்பியிருந்தார். கடைக்கு ஞாயிறு வாராந்திர விடுமுறை என்று அவர்களே எழுதிக்கொடுத்த படிவம் கோப்பில் இருந்தது. மொத்தப் பதிவேட்டையும் ஒரே உட்காரலில் எழுதியிருக்கிறார்கள் என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. அடுத்த வாய்தாவில் நிலுவையைக் கொடுத்துச் சமரசம் பேசினார்கள். அந்தக் கட்டை அவரிடம் திருப்பிக் கொடுத்தபோது, தாள்களைச் சரிபார்த்து அதே ரப்பர் பேண்டைப் போட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

தங்கையும் இன்றைக்கே எழுத ஆரம்பிக்கட்டும். உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், இரண்டு போதும். செல்பேசியை வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள் என்றால், இரவு விடுதிக்கு வந்ததும் உங்களுக்கு "வந்துவிட்டேன்" என்று ஒரு செய்தி அனுப்பச் சொல்லுங்கள், அந்த நேரம் பதிவாகிவிடும். சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றைப் படம் எடுத்து உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். புதிய தொகுப்பில் ஊதியம் கொடுத்தாகிவிட்டது என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. அதனால் உங்கள் வேலை பாதிதான். ஆனால் மிகை நேரத்தைக் காட்ட இந்தக் குறிப்புகள் கண்டிப்பாக வேண்டும்.

ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பழைய சட்டத்தின் கீழ் வந்த ஊதிய அறிவிப்புகள், புதியதற்கு முரண்படாத வரையில் தொடர்ந்து செல்லும். அதனால் "சட்டமே போய்விட்டது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முன்பு அட்டவணையில் உள்ள தொழில்களுக்குத்தான் குறைந்தபட்ச ஊதியம், இப்போது எல்லாத் தொழிலுக்கும். முன்பு ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும், இப்போது மூன்று வருடம். தொகுப்பு வருவதற்கு முன்பு விடுபட்ட நிலுவைக்கும் இந்த மூன்று வருடம் கிடைக்குமா என்பது வாதத்துக்குரியது. கிடைக்கும் என்று வாதாட வழியிருக்கிறது, ஆனால் அதை நம்பித் தாமதிக்காதீர்கள். நிலுவையோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு தர அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. பத்து மடங்கு கொடுத்து நான் பார்த்ததில்லை, எனவே அந்தக் கனவோடு போக வேண்டாம். முதல் முறை மீறிய முதலாளி மீது வழக்குத் தொடரும் முன் சரிசெய்ய ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். இது எனக்கு உடன்பாடில்லாத ஒரு மாற்றம். மாதக்கணக்கில் ஏமாற்றிவிட்டு, பிடிபட்ட பிறகு சரிசெய்தால் போதும் என்றாகிவிடுகிறது.

வேலை போய்விடுமே என்ற பயம் நியாயமானது. கடை விடுதியிலேயே தங்கியிருப்பவருக்கு வேலை போனால் அன்றைக்கு ராத்திரி படுக்க இடமும் போகும். அதனால் தங்கையை முன்னால் நிறுத்தாமல் செய்ய வழி இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். பதிவுபெற்ற தொழிற்சங்கம் அவர் சார்பில் மனுப் போடலாம், ஆய்வு அதிகாரியே போடலாம். கடையில் ஆய்வு நடத்தும்படி தொழிலாளர் துறைக்குப் பொதுப் புகார் கொடுத்தால், ஒருவர் பெயர் தனித்துத் தெரியாது, எல்லாருடைய சம்பளமும் கேள்விக்கு வரும். வேலையை விட்டு வந்த பிறகும் நிலுவைக்கு மனுப் போடலாம், நின்ற பிறகு இரண்டு வேலை நாளுக்குள் கடைசிச் சம்பளத்தையும் கொடுத்தாக வேண்டும்.

தங்கையின் பதவி அடையாள அட்டையில் என்னவென்று போட்டிருக்கிறது, வைப்பு நிதி பிடிக்கிறார்களா, எந்த மாதத்தில் சேர்ந்தார், இந்த மூன்றையும் எழுதுங்கள். பெயரும் கடைப் பெயரும் இங்கே வேண்டாம். அந்த மூன்றும் தெரிந்தால் வருடவாரியாக எவ்வளவு நிலுவை என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.